பர்மிங்காமிலிருந்து வந்த பல்சக்கரம்

விட்டம் ஏழரை அங்குலம். விளிம்பைச் சுற்றி 46 பற்கள். நடுவே பி, எஸ், ஏ என்று மூன்று ஆங்கில எழுத்துகள். மேலே ஒட்டியவையோ எழுதியவையோ அல்ல, இரும்பை வெட்டியே உருவாக்கியவை. பழைய பி.எஸ்.ஏ. சைக்கிளின் முன் பல்சக்கரம் இது. மெக்கானிக்குகள் செயின் வீல் என்பார்கள். கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் காயலாங்கடைகளில், துருப்பிடித்த ஜன்னல் கம்பிக்கும் உடைந்த பம்புக்கும் நடுவில் இது கிடக்கும். தராசில் ஏற்றினால் இரும்பு விலைதான். இதையே துடைத்து, படமெடுத்து, இணைய ஏலத்தில் வைத்தால் இங்கிலாந்திலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விலை கேட்கிறார்கள்.

தராசில் கிடைக்கும் விலைக்கும் ஏலத்தில் கிடைக்கும் விலைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலும் இரும்பு ஒன்றுதான். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்பது என் கட்சி. அதைச் சொல்ல, இந்தச் சக்கரம் வந்த வழியையும் போகிற வழியையும் முழுதாகச் சொல்ல வேண்டும்.

துப்பாக்கி செய்த ஆலை

பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். ஸ்மால் ஹீத் என்ற பகுதியில் அதன் ஆலை இருந்தது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். போர் இல்லாத காலத்தில் துப்பாக்கிக்கு ஆர்டர் வராது. இயந்திரங்கள் சும்மா நிற்கும். அந்த நெருக்கடியில் 1880-இல் அவர்கள் சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். நடுவில் ராணுவ ஆர்டர் வந்ததும் விட்டுவிட்டு, 1893-இல் மறுபடி வந்தார்கள். இம்முறை தொடக்கத்தில் முழு வண்டி செய்யவில்லை. ஹப், கிராங்க், பல்சக்கரம் போன்ற பாகங்களைச் செய்து மற்ற சைக்கிள் கம்பெனிகளுக்கு விற்றார்கள்.

துப்பாக்கிக் குழலில் மயிரிழை பிசகினாலும் குண்டு குறி தப்பும். அந்தக் கண்டிப்பு சைக்கிள் பாகங்களுக்கும் வந்தது. ஒரு பாகத்தைக் கழற்றி அதே அளவுள்ள இன்னொன்றை மாட்டினால், அரம் போடாமல் கச்சிதமாக உட்கார வேண்டும். அதனாலேயே வேறு கம்பெனி சைக்கிளிலும் பி.எஸ்.ஏ. பாகம் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லி விற்றார்கள். கிராங்க் அச்சு உட்காரும் குழலில் அவர்கள் போட்ட மரை, அதாவது 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று என்ற அளவு, இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மரை போட்ட புதுச் சைக்கிள்களின் விவரப் பட்டியலில் இன்றைக்கும் பி.எஸ்.ஏ. மரை என்றே எழுதுகிறார்கள்.

வந்த வழி

அதே 1880-இல்தான் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் கோலார் தங்கவயலுக்குள் வந்தது. அதற்கு முன் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தங்கம் தேடியிருந்தார். டெய்லர் நிறுவனம் வந்தபின் சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், மைசூர் மைன் என்று தங்க ரேகை ஓடிய திசையில் வடக்குத் தெற்காகச் சுரங்கங்கள் நீண்டன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து லைன் வீடுகளில் குடியேறின. அவர்களில் பெரும்பகுதி ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட தலித் மக்கள். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ரயில் பாதை வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் வந்தது.

பல்சக்கரமும் இந்தப் பாதையில்தான் வந்தது. பர்மிங்காமில் பெட்டியில் அடைபட்டு, இங்கிலாந்துத் துறைமுகத்தில் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியாகச் சென்னைக்கு வந்து, ஜோலார்பேட்டை தாண்டி, பவுரிங்பேட்டையில் வண்டி மாறி, மேட்டுப் பாதையில் ஏறித் தங்கவயல் சேர்ந்தது. சுரங்கத்துக்கான இயந்திரங்கள் வந்த வழியும் இதுவே. எதிர்த் திசையில் தங்கம் போனது. அதன் லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன் என்று கணக்கிடுகிறார்கள்.

சைக்கிளில் முதலில் ஏறியவர்கள் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்திய அதிகாரிகள். அடுத்து ஆபீஸ் எழுத்தர்கள், மேஸ்திரிகள். ஒரு துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போது சைக்கிளைத் தன்னிடம் வேலை செய்தவருக்கு விற்றுவிட்டுப் போவார். அப்படிக் கைமாறிக் கைமாறி அது லைன் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் தென்னிந்திய நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வசூலித்து ஆண்டுதோறும் உலோக வில்லை கொடுத்தன. இரவில் விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம் போட்டன. ஒரு குடும்பத்தில் நகைக்கு அடுத்தபடியாகப் பூட்டி வைத்த சொத்து சைக்கிள்தான்.

உழைத்த காலம்

46 பல் முன்சக்கரம், 18 பல் பின்சக்கரம், 28 அங்குலச் சக்கரம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.7 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு 175 சுற்று. சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறும் ஊர் இது. மாரிக்குப்பத்திலிருந்தோ ஆண்டர்சன்பேட்டையிலிருந்தோ ஷாஃப்டுக்கு மிதித்துப் போனவர்கள், கூண்டில் இறங்கி, பாறையின் சூடு தாங்காத ஆழத்தில் எட்டு மணி நேரம் உழைத்து, மேலே வந்து மறுபடி மிதித்து வீடு சேர்ந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டுச் சுவர்கள் அதிரும். அப்படி அதிர்ந்த நாட்களில் ஷாஃப்ட் வாசலுக்கு ஆட்கள் விரைந்ததும் இதே சைக்கிள்களில்தான்.

இந்த மண்ணின் தூசி பொல்லாதது. பொன் எடுத்தபின் அரைத்த பாறை மாவைக் குவித்துக் குவித்துச் சயனைடு மலைகள் எழுந்தன. காற்றடித்தால் அந்த நுண்மாவு செயினுக்குள்ளும் பால்ரஸ் குண்டுகளுக்குள்ளும் போய் அரைக்கத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைந்துவிடும். தேய்ந்த செயின் புதுச் சக்கரத்தையும் தின்னும். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் சைக்கிள் கடையில் ஓவராயில். வண்டியை முழுக்கப் பிரித்து, கப்பு, கோன், அச்சு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டு அலசி, புது கிரீஸ் வைத்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, செயினில் எண்ணெய் விட்டு மறுபடி பூட்டுவார்கள். சின்னப் பையனாகக் கடையில் சேர்ந்தவன் முதலில் கற்கும் பாடம் பால்ரஸைச் சிந்தாமல் எடுத்து எண்ணி வைப்பது. வலப்பக்கக் கப்பு இடஞ்சுழி மரை என்பது அடுத்த பாடம். அது தெரியாமல் திருகினால் மரை போய்விடும், வண்டியே வீணாகும்.

பர்மிங்காமில் இந்தச் சக்கரத்தைச் செய்தவன் இருபது, முப்பது வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். எங்கள் மெக்கானிக்குகள் அதை அப்பாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஓட வைத்தார்கள். பல் தேய்ந்தால் செயினை மாற்றினார்கள். கிராங்கை அச்சில் பிடிக்கும் காட்டர் பின் தேய்ந்தால் அரத்தால் ராவிப் புதிது போட்டார்கள். கிராங்க் வளைந்தால் நிமிர்த்தினார்கள். ஏலத்தில் கிடைக்கும் விலையின் பெரும்பகுதி அந்தக் கைகளின் கூலி. அவர்கள் காலத்தில் அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கே நின்றது, இங்கே தொடர்ந்தது

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுச் சைக்கிள் வரவு குறைந்து, உள்நாட்டில் ஆலைகள் எழுந்தன. 1949-இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. அம்பத்தூர் ஆலையிலிருந்து 1951-இல் ஹெர்குலிஸ் சைக்கிள் வெளிவந்தது. பிறகு ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் அங்கே வந்தன. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் அம்பத்தூரில் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. வங்காளத்தில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956-இல் ஹீரோ என்று நாடெங்கும் ஆலைகள் பெருகின.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே மக்கள் மோட்டார் காருக்கு மாறினார்கள். 1957-இல் பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பிரிவை ராலே என்ற சைக்கிள் நிறுவனத்துக்கு விற்றது. 1960-இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது. 2002-இல் நாட்டிங்காமில் ராலேயின் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ராட் பிரேக் வைத்த, 28 அங்குல ஒன்றரை டயர் போட்ட, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கறுப்பு ரோட்ஸ்டர் அதற்கு முன்பே அங்கே பழங்கதையாகிவிட்டது. இந்தியாவிலோ பால்காரருக்கும் தபால்காரருக்கும் அதே வண்டிதான். அதே டயர், அதே ரிம், அதே பிரேக் கம்பி, அதே காட்டர் பின் லூதியானாவில் தொடர்ந்து உருவாயின.

ஆக, இன்று லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ தாத்தாவின் ரோட்ஸ்டரைச் சரிசெய்ய நினைப்பவருக்கு இரண்டு தேவை. ஓட்டத் தேவையான டயரும் ரிம்மும் புதிதாக வேண்டும். அவை இந்தியாவில் செய்யப்படுகின்றன. அசல் பாகம் வேண்டுமானால் பழசாக வேண்டும். அதுவும் இந்தியாவில் பிழைத்திருக்கிறது. 1955 முதல் இயங்கும் வெட்ரன்-சைக்கிள் கிளப் போன்ற அமைப்புகளின் ஆட்கள் சைக்கிள் சட்டத்தின் எண்ணைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்கள். 2009-இல் லண்டனில் தொடங்கிய ட்வீட் ரன் போன்ற பழைய சைக்கிள் ஊர்வலங்களில் வண்டியும் உடையும் அந்தக் காலத்தவை. இப்படிப்பட்டவர்களுக்கு 1938 வண்டியில் 1975 பல்சக்கரம் இருந்தால் மனம் ஒப்பாது. அந்த வருடத்துப் பாகத்தைத் தேடித் தேடித்தான் ஏலத்துக்கு வருகிறார்கள்.

தேடப்படுவது பி.எஸ்.ஏ. சக்கரம் மட்டுமல்ல. கொக்குத் தலை வடிவம் வெட்டிய ராலே பல்சக்கரம், கை வடிவம் கொண்ட ரட்ஜ் பல்சக்கரம், புரூக்ஸ் தோல் சீட், ஜோசப் லூகாஸின் விளக்கும் மணியும், ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்று பட்டியல் நீளும். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பின் மேலேயே வருடத்தையும் மாதத்தையும் எண்ணாகப் பொறித்திருப்பார்கள். அழுக்கைத் துடைத்தால் பிறந்த மாதமே தெரியும்.

தராசிலிருந்து ஏலத்துக்கு

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அதற்குப் பின் எங்கள் ஊர் விடியலுக்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஊரானது. ஸ்டேஷன் வரை போக மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள்கள் கொல்லைக்குப் போயின; கொல்லையிலிருந்து காயலாங்கடைக்குப் போயின; அங்கிருந்து உருக்கு உலைக்குப் போயின. உலைக்குப் போன இரும்புக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. இணைய ஏலம் அந்த ஓட்டத்தில் ஒரு மடை வெட்டியது.

1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய இ-பே, 2004-இல் பாஸி டாட் காம் தளத்தை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது. அந்த உள்நாட்டு விற்பனைத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. ஒரு போனும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் வேலை சேதமில்லாமல் கழற்றுவது. பல்சக்கரம் வலப்பக்கக் கிராங்கோடு சேர்ந்தது. கிராங்கை அச்சில் பிடித்திருப்பது காட்டர் பின். ஐம்பது வருடத் துருவில் அது இறுகிக் கிடக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பின் வளையும், கிராங்கின் துளை வாய் பிளக்கும். அனுபவசாலிகள் முந்தின இரவே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற விடுவார்கள். மறுநாள் நட்டை முழுதும் கழற்றாமல் நுனி வரை தளர்த்தி, கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடியில் இறக்குவார்கள். பல முறை தட்டுவதைவிட நேராக விழும் ஓர் அடி நல்லது.

அடுத்தது துடைப்பது. இங்கேதான் பலர் பொருளைக் கெடுக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கினால் உள்ளூர் வாடிக்கையாளர் மகிழ்வார். சேகரிப்பவர் முகம் சுளிப்பார். பழைய முலாம் அவருக்குச் சான்று. பொதுவாக 1930-க்கு முந்தைய பாகங்களில் நிக்கல் முலாமும் பிந்தையவற்றில் குரோமியமும் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முலாமைச் சிக்கனப்படுத்திக் கறுப்புச் சாயம் பூசினார்கள். அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுப்பது அதன் வயதைச் சுரண்டி எடுப்பது. மண்ணெண்ணெய், பித்தளைத் தூரிகை, பழைய துணி, கடைசியில் மெல்ல ஒரு பூச்சு எண்ணெய், அவ்வளவு போதும்.

பிறகு அளவு. பற்களின் எண்ணிக்கை, கிராங்கின் நீளம், காட்டர் பின் துளையின் விட்டம், பற்களின் தேய்மானம், பின்பக்கம் பொறித்திருக்கும் எழுத்து. ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். அம்பத்தூரில் செய்ததை அம்பத்தூர் என்றே எழுத வேண்டும். பர்மிங்காம் என்று பொய் சொன்னால் வாங்கியவர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். பொருள் திரும்பும், பணம் திரும்பும். தங்கவயல் என்ற முகவரிக்கு வந்த நல்ல பெயர் திரும்பாது.

ஏலம் நடக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன்னால் தர முடிந்த உச்ச விலையை ரகசியமாகக் குறித்து வைக்கலாம். அடுத்தவர் குறித்ததைவிட ஒரு படி மேலே மட்டும் ஏலத் தளம் அவர் சார்பில் கேட்டுக்கொண்டே போகும். ஆக, கடைசி விலையைத் தீர்மானிப்பவர் ஜெயித்தவர் அல்ல, அவருக்கு அடுத்து நின்றவர். ஒரே ஒருவர் ஆசைப்பட்டால் பொருள் அடிவிலைக்கே போகும்; இரண்டு பேர் ஆசைப்பட்டால்தான் ஏறும். அதனால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஏலம் முடியும்படி வைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே திங்கள் அதிகாலை ஒன்றரை மணி. பெங்களூர் ரயிலுக்குக் கிளம்புபவர்கள் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

பொட்டலம் கடல் தாண்டும் விதம்

தபால் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சுரங்கத் தொழிலாளிகளின் மணியார்டர்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்கும் சேலத்துக் கிராமங்களுக்கும் போன ஊர் இது. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மறுபடி வெளியிட்டார். அதுவும் தபாலில்தான் வெளியூர் வாசகர்களைச் சேர்ந்தது. உழைப்பும் சிந்தனையும் போன வழியில் இப்போது பல்சக்கரம் போகிறது.

ஏன் பல்சக்கரமும் மணியும் சீட்டும் அதிகம் போகின்றன, முழுச் சட்டம் அரிதாகப் போகிறது? எடையும் உருவமும்தான் காரணம். கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. சைக்கிள் சட்டம் காற்றையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். பல்சக்கரம் தட்டை, பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் சிறு பொட்டலம் என்ற வகைக்கு உச்ச வரம்பு இரண்டு கிலோ. ஆக, தபாலுக்கென்றே அளவெடுத்தது மாதிரி அமைந்த பாகம் இது.

முன்பெல்லாம் வெளிநாட்டுப் பார்சலை வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைப்பார்கள். இப்போது அட்டைப்பெட்டி. பற்கள் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பதால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விளிம்பைச் சுற்றிப் போடுகிறார்கள். அதன்மேல் எண்ணெய்த் தாள், இரண்டு பக்கமும் தடித்த அட்டை, பிறகு பெட்டி. உள்ளே ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

வணிகமாக அனுப்புகிறவருக்கு ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வீட்டிலிருந்தே வாங்கலாம். பொருளின் பெயரோடு உலகம் முழுவதற்கும் பொதுவான சுங்கக் குறியீட்டையும் எழுத வேண்டும். சைக்கிள் பாகங்கள் 8714-இல் வரும்: சட்டமும் ஃபோர்க்கும் 8714.91, சீட் 8714.95, பெடலும் கிராங்கும் 8714.96. தவறான எண்ணைப் போட்டால் பெட்டி அந்த நாட்டுச் சுங்கத்தில் நின்றுவிடும். விற்ற விலையையே எழுத வேண்டும். வரிக்குப் பயந்து 'பரிசு' என்று எழுதுவது குற்றம்; பெட்டி தொலைந்தால் இழப்பீடும் கிடைக்காது.

2022 முதல் அஞ்சல் துறை 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்களை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் தொடங்கியிருக்கிறது. ஏற்றுமதிப் படிவத்தை வீட்டிலிருந்தே கணினியில் நிரப்பலாம். அதற்காகப் பெருநகரத்துச் சுங்க அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெட்டி பெங்களூர் போய், வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்து விமானம் ஏறும். கப்பலில் வாரக்கணக்கில் வந்த சக்கரம் ஒரே பகலில் கடல் தாண்டுகிறது.

இறங்கும் இடத்தில் வரி. பிரிட்டனில் 2021 ஜனவரி முதல், 135 பவுண்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியை ஏலத் தளமே வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே ஆண்டு ஜூலை முதல் 150 யூரோ வரை இது மாதிரி ஏற்பாடு வந்தது. அமெரிக்காவில் 800 டாலர் வரை தீர்வை இல்லாமல் இருந்தது. அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. விதிமுறை தெளிவாகாததால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பொட்டலங்களை ஏற்காமல் நிறுத்தியது. அக்டோபர் 15-இல், தீர்வையை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் முறையோடு மறுபடி தொடங்கியது. வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்து, ராபர்ட்சன்பேட்டையில் கட்டி வைத்த ஓர் அட்டைப்பெட்டியை வாரக்கணக்கில் மேசையில் உட்கார வைத்துவிடும் என்று அப்போது தெரிந்தது. பெரிய ஏற்றுமதியாளருக்குச் சொல்லிக்கொள்ள அமைச்சகமும் சங்கமும் இருக்கின்றன. மாதத்துக்கு நாலு பெட்டி அனுப்புபவருக்கு யாருமில்லை. இந்தச் சின்ன ஏற்றுமதியாளர்களின் குரலைக் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது

சட்டம் போட்ட கோடு ஒன்று இருக்கிறது. தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972, நூறு வயதுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. சைக்கிள் பாகம் தொல்பொருளா என்று சிரிக்க வேண்டாம். முதல் உலகப் போருக்கு முந்தைய சைக்கிள்களுக்கு இன்று நூறு வயது தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட பாகம் கையில் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

சட்டம் போடாத கோடு ஒன்றும் இருக்கிறது. அதை நாம்தான் போட வேண்டும். முழு வண்டியாக விற்பதைவிடப் பிரித்துப் பிரித்து விற்றால் மொத்தத்தில் பணம் அதிகம். மணி ஓரிடம், சீட் ஓரிடம், ஹப் ஓரிடம், சின்னத்தகடு ஓரிடம் போகும். சைக்கிள் சட்டம் மட்டும் தராசுக்குப் போகும். கொல்லையில் ஏற்கெனவே உடைந்து கிடப்பதை, காயலாங்கடையில் தனியாகக் கிடப்பதை விற்பது அதைக் காப்பாற்றுவதாகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னும் ஓடக்கூடிய, எல்லாப் பாகமும் அசலாக இருக்கும் ஒரு சைக்கிளை ஏலத்துக்காக உடைப்பது வேறு. அது செய்யக் கூடாத காரியம் என்பது என் தீர்மானமான கருத்து. பர்மிங்காமில் அந்த வண்டிகளை இனி யாரும் செய்யப்போவதில்லை. அவற்றை ஓட வைக்கத் தெரிந்த பழைய மெக்கானிக்குகளும் எங்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொரு நஷ்டமும் நடக்கிறது. ஏலத்தில் வாங்கியவர் தன் வண்டியைப் பூட்டி முடித்து அதன் கதையை எழுதும்போது, பல்சக்கரத்துக்கு நேராக 'இந்தியாவிலிருந்து வந்தது' என்று ஒரு வரி எழுதுகிறார். ஸ்மால் ஹீத் ஆலைக்கு ஒரு பக்கம். அதை முக்கால் நூற்றாண்டு ஓட வைத்த ஊருக்கு ஒற்றை வரி. அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லாததை அவர் எப்படி எழுதுவார்? 800 டன் தங்கம் யார் தோண்டியது என்ற பெயர் இல்லாமல் இந்த ஊரைவிட்டுப் போனது. தங்கத்தில் பெயர் எழுத நம்மிடம் அதிகாரம் இருக்கவில்லை. பல்சக்கரத்தில் எழுத யாரும் தடுக்கவில்லை.

ஆகவே தங்கவயல்காரர்களிடமும், பழைய சைக்கிள் வீட்டில் வைத்திருக்கும் எல்லோரிடமும் கேட்பது இதுதான். விற்பதற்கு முன் சைக்கிள் சட்டத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை முழுதாக ஒரு படம் எடுங்கள். யார் ஓட்டினார், எந்த லைனில் குடியிருந்தார், எந்த ஷாஃப்டில் எந்த வேலை பார்த்தார், எந்தக் கடையில் ஓவராயில் செய்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு படியை வீட்டில் வையுங்கள். இன்னொன்றைப் பெட்டிக்குள் பல்சக்கரத்தோடு வையுங்கள். ஊரில் உள்ள பள்ளிகளில் ஒன்றாவது, நூலகங்களில் ஒன்றாவது, முழுதாக இருக்கும் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, அந்தத் தாள்களோடு பார்வைக்கு வைக்கட்டும். செலவு அதிகமில்லை. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.